ஒன்பதாவது கையுறை

சித்திரை வெயிலில் கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்து கம்பளிக் கையுறை பின்னியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற ஊரில் கம்பளியும் ஊசியுமாக உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து யார் சிரித்தாலும் அது நியாயம்தான். நானும் சிரித்தேன். பின்னச் சொன்ன மேடத்தைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சிரித்தேன், மனசுக்குள்.

எனக்கு இறால் கம்பெனியில் வேலை. மீஞ்சூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிறேன், வருகிறேன். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் எங்கள் பேக்கிங் ஹாலுக்குள் அதெல்லாம் கிடையாது. ஃப்ரீசரிலிருந்து கல்லாக உறைந்து வரும் இறாலைக் கூடையில் அள்ளி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு முக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் இறாலின் மேல் மெல்லிசாக ஒரு பனித்தோல் பிடிக்கும். அந்தத் தோல் இருந்தால்தான் கப்பலேறிப் போகிறவரைக்கும் இறால் காய்ந்துபோகாது. கூடையைப் பிடிக்கிற கைக்கு ஒரு ரப்பர் கையுறை உண்டு. ரப்பர் தண்ணீரைத் தடுக்கும். குளிரை அது தடுத்து நான் பார்த்ததில்லை.

தொட்டி முன்னால் யாராலும் ஒரேயடியாக நிற்க முடியாது. அதனால் இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்ந்துகொள்வோம். அரை மணி நேரம் ஒருத்தி தொட்டி, இன்னொருத்தி தராசு. அப்புறம் மாற்றிக்கொள்வது. இது கம்பெனி போட்ட சட்டம் கிடையாது, எங்களுக்குள் நாங்களே வைத்துக்கொண்டது. ஜோடிக்காரி லீவு போட்டால் அன்றைக்கு மற்றவள் செத்தாள். அதனால் கல்யாணத்துக்குப் போவது, காதுகுத்துக்குப் போவது எல்லாம் ஜோடிக்காரியிடம் கேட்டுவிட்டுத்தான்.

என் ஜோடிக்காரி பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள். அப்பாவை நைனா என்பாள். மகளை அந்த நைனாவிடம் விட்டுவிட்டு இங்கே நாலு பெண்களோடு ஒரு ரூமில் இருந்தாள். புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது, தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையும் இல்லை. அவள் சம்பளத்தில்தான் அங்கே மகள் படித்தது, இங்கே இவள் சாப்பிட்டது.

இரண்டு வருஷமாக அவளுக்கு விரல் வெளுத்துப்போகிறது. தொட்டியிலிருந்து கையை எடுத்தால் நுனிவிரல் மூன்றும் சுண்ணாம்பு தொட்டதுபோல இருக்கும், கொஞ்ச நேரத்தில் நீலமாகும், அப்புறம் சிவந்து எரியும். எரிந்தால் நல்லது, எரியாமல் மரத்துப்போய்க் கிடந்தால்தான் பயம் என்பாள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்:

"ஐஸ்ல கை வெக்கக் கூடாதுன்னாரு டாக்டரு. அப்போ சோத்துல இன்னாத்த வெக்கிறதுன்னு கேட்டுட்டு வந்துட்டேன்க்கா."

கையில் வேகம் குறைந்தால் கான்ட்ராக்டர் மறு வார்த்தை பேசமாட்டான், நாளையிலிருந்து வராதே என்பான். அதனால் மரத்த விரலோடு அவள் மற்றவர்களைவிட வேகமாகவே கூடையை முக்கினாள். எங்கள் அரை மணி நேர ஏற்பாட்டில்தான் அவள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சில நாள் நான் பத்து நிமிஷம் கூடுதலாகத் தொட்டியில் நிற்பேன். அவளும் மறுக்கமாட்டாள், நானும் சொல்லிக்காட்டமாட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் ஹெச்.ஆர். மேடம் கேன்டீனுக்கு வந்தாள். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். மேடம், நீங்க, வாங்க என்கிற மரியாதை எல்லாம் கம்பெனி கேட்டோடு சரி, இங்கே அவள் என்றே எழுதுகிறேன்.

"அடுத்த வாரம் ஃபாரின் பையர்ஸ் நாலு பேர் வர்றாங்க. இந்தத் தடவை சால்வை, குத்துவிளக்கு எல்லாம் வேண்டாம். ஹேண்ட்மேடா ஒரு கிஃப்ட். நம்ம லேடீஸ் கையால பண்ணது. அதுல ஒரு பர்சனல் டச் இருக்கும்" என்றாள்.

பர்சனல் டச்சாம். எங்களில் ஒருத்தி பெயர்கூட அவளுக்குத் தெரியாது. டோக்கன் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டுக் காண்பித்தாள். அதில் ஒரு வெள்ளைக்காரி ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இரண்டு ஊசியால் கையுறை பின்னினாள். கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு குழாய், மற்ற நாலு விரலுக்கும் சேர்த்து ஒரே பை. ஒரு மணி நேரத்தில் ஒரு ஜோடி முடித்து ரிப்பன் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று வீடியோ சொன்னது. வீடியோவில் சோறும் ஒரு நிமிஷத்தில் வெந்துவிடுகிறது.

"அந்த ஊர்ல பயங்கரக் குளிர். இதைப் போட்டுக்கும்போதெல்லாம் நம்மளை நினைச்சுப்பாங்க. யாருக்கு நிட்டிங் தெரியும்?"

நான் கையைத் தூக்கினேன். நோய்த்தொற்றுக்காகக் கம்பெனி மூடிக் கிடந்த மாதங்களில் போனைப் பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டது உண்மை. அக்கா பேரனுக்கு ஒரு தொப்பியும் பின்னினேன், அவன் அதை நாய்க்குட்டிக்குப் போட்டுவிட்டான். ஆனால் கை தூக்கியதற்கு அந்த வித்தை காரணம் இல்லை. தொட்டியிலிருந்து ஒரு மணி நேரமாவது தப்பிக்கலாம் என்றுதான் தூக்கினேன். ஜோடிக்காரியிடம் கேட்கவில்லை. அவள் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஏதோ ஆபீஸ் வேலையாகத் திருவள்ளூர் போன கம்பெனி காரில் என்னையும் ஏற்றி அனுப்பினார்கள், நூல் வாங்கிவர. பஜாரில் ஒரு கடையில்தான் கம்பளி நூல் இருந்தது. அதுவும் வாசல் தோரணம் பின்னுகிற நூல். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, ரோஸ். ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, முழுக்க நைலான் ஜாதி.

"தோரணத்துக்காமா?" என்றார் கடைக்காரர்.

"கைக்கு. குளுராம இருக்க."

அவர் ஒருமுறை வெளியே ரோட்டைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். கம்பெனியில் மொத்த ஆபீஸுக்கும் தோன்றாத கேள்வி அது.

மேடம் மஞ்சளும் பச்சையும் நன்றாக இருக்கிறது, ரொம்ப எத்னிக்காக இருக்கிறது என்றாள். நாலு பேரின் கை அளவு யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரர்கள் பெரிய கைக்காரர்களாக இருப்பார்கள் என்று கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் கையை அளவு எடுத்துக்கொண்டேன். அவர் இரண்டு கையையும் விரித்து நீட்டிக்கொண்டு நின்றார். "போலீஸ்ல கூட இப்படி நின்னதில்லமா" என்றார்.

ஆபீஸ் ரூமில் ஒரு மூலையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். வீடியோக்காரியின் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றரை நாளானது. கட்டைவிரல் குழாயைக் கையோடு சேர்க்கிற இடத்தில் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. பிரித்துப் பிரித்துப் பின்னினேன். இரண்டாவது ஜோடியில் கை பழகியது. நாலு நாள் முழுசாக அந்த நாற்காலியில் இருந்தேன். பத்து மணிக்கு டீ வந்தது. நாஷ்டா சாப்பிட்டீங்களா என்று ஆபீஸ் பியூன் கேட்டார். பத்து வருஷ வேலையில் உலர்ந்த கையோடு நான் வீட்டுக்குப் போனது அந்த நாலு நாள்தான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நாலு நாளும் என் ஜோடிக்காரி தொட்டியில் நின்றாள். என் இடத்துக்குப் புதுசாக ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். அவள் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காமல் அழுதுகொண்டு கழிப்பறைக்கு ஓடிவிடுவாளாம். மூன்றாம் நாள் மதியம் கேன்டீனில் என் ஜோடிக்காரிக்குச் சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை. உள்ளங்கையால் சோற்றை அள்ளிச் சாப்பிட்டாள். நான் காண்பிக்க எடுத்துவந்திருந்த மஞ்சள் கையுறையை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். செக்யூரிட்டி அண்ணன் அளவில் அவளுடைய கை மணிக்கட்டு தாண்டி உள்ளே போனது.

"இத்த உள்ள போட்டுக்கினு மேல ரப்பரப் போட்டா இன்னாக்கா?"

"நூலு உதிரும். இறால்ல ஒரு இழை கெடச்சா மொத்த லோடும் திரும்பி வந்துடும்."

அது அவளுக்கும் தெரியும். கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

"பக்கத்துக் கம்பெனில ரப்பருக்கு உள்ள போட நூலு உதிராத துணி கிளவுஸ் தராங்களாம். ஒரு பக்கெட்ல வெதுவெதுன்னு தண்ணியும் வெக்கிறாங்களாம், கைய நனைச்சுக்க. நீ அந்த மேடம் பக்கத்துலயே குந்திக்கினுகீற. கேளேன்க்கா. எனக்கு வேற ஒண்ணும் வாணாம். இந்த வெரலு போச்சுன்னா என்னிய ஊட்டுக்கு அனுப்பிடுவானுங்க."

கேட்டேன். மேடம் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நோட் பண்ணிக்கறேன்" என்றாள். பேனா மேஜையில் இருந்தது, அதைத் தொடவில்லை. துணிக் கையுறைக்குத் தலைமை ஆபீஸ் அப்ரூவல் வேண்டுமாம். வெந்நீர் பக்கெட்டுக்கும் வேண்டுமாம். தண்ணீரைச் சூடு பண்ண அப்ரூவல் கேட்கிற இவர்கள்தான் இந்த வருஷம் ஊழியர் நலனுக்கு ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு சாயங்காலம் பஸ் ஏறும்போது நான் அவளிடம் சொன்னேன். "இதுங்ககிட்ட கேட்டு ஒண்ணும் ஆவாது. வர்றானுங்க இல்ல, அந்த நாலு பேரு, அவங்ககிட்டயே சொல்லிடறேன். அவங்க ஒரு வார்த்தை கேட்டா போதும், மறுநாளே பக்கெட்டு வரும். உன் கையத் தூக்கிக் காமிக்கிறேன்."

"நெசமாவாக்கா?"

"என் கையால பின்னுனதுன்னு என்கிட்ட பேசாம போவாங்களா? அப்ப சொல்றேன்."

அவள் என் தோளில் நெற்றியை வைத்து ஒரு நிமிஷம் நின்றாள். நான் பெரிய மனுஷியாகிவிட்ட மாதிரி நின்றேன்.

நாலு ஜோடி, எட்டு கையுறை முடிந்தது. அந்த நாலு பேர் வருவதற்கு முந்தின நாள் மேனேஜர் பார்வையிட வந்தார். மேனேஜர் இந்தப் பக்கத்து ஆள்தான். கடம்பத்தூர்ப் பக்கம் இன்னும் நெல் வயல் வைத்திருக்கிற குடும்பம். பொறியியல் படித்தவர், இரண்டு தடவை ஜப்பான் போய்வந்தவர். தாம்பாளத்தில் அடுக்கியிருந்த கையுறைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"எட்டா? இன்னாமா இது, எட்டுல யாராச்சும் தட்டு வெப்பாங்களா?"

"நாலு பேரு சார். ஆளுக்கு ரெண்டு கை."

"அது சரி. சீர்த்தட்டுல ஒத்தப்படையிலதான வெக்கணும். அதுவும் எட்டு ஆகவே ஆகாது. நூறு கன்டெய்னர் ஆர்டரும்மா, வெளையாட்டா?"

"இன்னொரு ஜோடி வெச்சா பத்து சார்."

"பத்தும் ரெட்டப்படைதான? ஒண்ணே ஒண்ணு பின்னி வெய்யி. ஒன்பது. நல்ல நம்பரு."

நான் மேடத்தைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் தும்முகிறவள், ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "ஆமா சார், ஒன்பதுதான் கரெக்ட்" என்றாள். எங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் தட்டு ஒன்பது, பதினொன்று என்றுதான் வைக்கிறோம், அதை நான் குறை சொல்லவில்லை. ஒரு தட்டில் தேங்காய் கூடினால் யாரோ ஒருவர் சாப்பிடுவார். ஒற்றைக் கையுறையை யார் என்ன செய்வார்கள்? அதைக் கேட்க அந்த ரூமில் ஒருவருக்கும் வாய் இல்லை. நானும் கேட்கவில்லை. உட்கார்ந்து பின்னினேன்.

மறுநாள் காலையில் பந்தல், வாழைமரம், செண்டை மேளம். எங்களில் ஏழு பேருக்குப் பட்டுப்புடவை கட்டச் சொல்லியிருந்தார்கள். நான் கையுறைத் தாம்பாளத்தோடு முதலில் நின்றேன். என் ஜோடிக்காரி எனக்கு அடுத்தாற்போலப் பன்னீர்ச் செம்போடு நின்றாள். அவளை நான்தான் மேடத்திடம் கேட்டு அங்கே நிற்கவைத்தேன், கையைத் தூக்கிக் காண்பிக்க வசதியாக இருக்கும் என்று. நுனிவிரல்களில் தோல் கறுத்து வெடித்திருந்தது. மருதாணி வைத்து மறைத்துக்கொண்டு வா என்று மேடம் அவளிடம் சொல்லியிருக்கிறாள். வைக்காமல் வந்திருந்தாள்.

நாலு பேரும் காரிலிருந்து இறங்கும்போதே வேர்த்து ஒழுகினார்கள். அதில் தலைமை ஒரு வெள்ளைமுடி அம்மாள். ஆரத்தி சுற்றினோம், பொட்டு வைத்தோம், மாலை போட்டோம். மேனேஜர் என் தாம்பாளத்தைக் காட்டி நீளமாக ஏதோ பேசினார். நாலு பேரும் அந்த வெயிலில் மஞ்சளும் பச்சையுமான கம்பளிக் கையுறைகளை மாட்டிக்கொண்டு போட்டோவுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார்கள். உள்ளே கை வெந்திருக்கும். சிரித்துக்கொண்டே நின்றார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லத் தெரிந்தவர்கள்தான்.

அந்த அம்மாள் கழற்றப் போகும்போது தாம்பாளத்தைப் பார்த்தாள். ஒன்று மீதி இருந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலைத் தடவிப் பார்த்து, மேடத்திடம் ஏதோ கேட்டாள். மேடத்துக்கு முகம் வெளிறியது. மேனேஜர் மாலையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார். அப்போது அந்த அம்மாள் நேராக என்னைப் பார்த்து, நான் பின்னியது என்று தெரிந்து, மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி கேட்டாள். இது யாருக்கு?

இதைவிட நல்ல கேள்வியை நான் வேண்டிக்கொண்டிருந்தாலும் கிடைத்திருக்காது. திரும்பி என் ஜோடிக்காரியின் கையைப் பிடித்து அதில் அந்தக் கையுறையை வாங்கி வைத்தால் போதும். ஒரு வார்த்தைகூட ஆங்கிலம் தேவையில்லை. அவள் செம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தயாராகப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டாள். அவள் கை என் புடவையில் பட்டது.

மேடம் என்னைப் பார்த்தாள். மிரட்டவில்லை, அப்படியெல்லாம் கதை கட்ட மாட்டேன். தயவுசெய்து என்பதுபோலப் பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு அந்த மூலை நாற்காலியும் பத்து மணி டீயும் ஞாபகம் வந்தது.

"லக்கி மேடம். உங்க பிசினஸுக்கு. ஒன் எக்ஸ்ட்ரா, ஃபார் லக்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் கையுறையை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தட்டினாள். மேனேஜர் கைதட்டினார், அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். செண்டை அடிக்கிறவனும் தன் பங்குக்கு இரண்டு அடி அடித்தான். எனக்குப் பின்னால் பன்னீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. தெளிக்க வேண்டிய நேரம்தான் அது, அவள் தன் வேலையைச் செய்தாள்.

அன்றைக்கு பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஏதேதோ சொன்னேன். அந்த நேரத்தில் வாய் வரவில்லை, அடுத்த தடவை பார்க்கலாம், மேடத்திடம் இப்போது செல்வாக்கு வந்திருக்கிறது, உள்ளேயிருந்தே கேட்டு வாங்கிவிடலாம்.

"வுடுக்கா. உனுக்கும் புள்ளைங்க கீது" என்றாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், பேஜாரு அதோடு போயிருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கையை அக்குளில் வைத்துக்கொண்டாள்.

ஆர்டர் கிடைத்தது. ஒன்பது என்கிற நம்பரின் மகிமையை மேனேஜர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சமயோசிதமாகப் பேசினேன் என்று எனக்கு லைன் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். வேறு கலர் தொப்பி, கழுத்தில் விசில், கையில் ஒன்றும் இல்லை. தொட்டிப் பக்கம் போகவே வேண்டாம், போகிறவர்களைப் பார்த்தால் போதும். வேண்டாம் என்று சொல்லவில்லை. துணிக் கையுறையைப் பற்றி இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். மூன்றாவது தடவை கேட்டால் மூஞ்சி சுளிப்பார்கள் என்று நிறுத்திக்கொண்டேன். இவ்வளவு நேரம் மேடத்தையும் மேனேஜரையும் வாய்க்கு வந்தபடி பேசினேனே, அவர்களாவது அவளுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

புது வேலையில் முதல் வாரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு தொட்டியில் கூடை அப்படியே கிடந்தது, இறால் தேங்கிப்போய் நின்றது. போய்ப் பார்த்தால் என் ஜோடிக்காரி. ரப்பரைக் கழற்றிவிட்டு, வெளுத்த விரல்களை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். தராசில் யாரும் இல்லை. அழுதுகொண்டு ஓடுகிற அந்தப் புதுப் பெண் வேலையை விட்டே நின்றுவிட்டாள். நான் காலி செய்த இடத்துக்கு இன்னும் வேறு ஆள் போடவில்லை, போட வேண்டியவள் இப்போது நான்தான்.

"இன்னாம்மா, கைய வெச்சிக்கினு நின்னுக்கினுகீற? லைன் நிக்குது பாரு. தூக்கு, தூக்கு" என்றேன். மேனேஜருக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. ரப்பரை மாட்டிக்கொண்டாள்.

"சரிங்க மேடம்" என்றாள். கையை ஐஸ் தண்ணீருக்குள் விட்டாள்.